நாற்றமில்லாமல் மலக்குழி அள்ளிய 19ஆம் நூற்றாண்டு இயந்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்பு பாரிஸிலும் அமெரிக்காவின் பால்டிமோரிலும் வீட்டுக்கு வீடு மலக்குழி இருந்தது. ஆள், வாளி, கயிறு, நடுராத்திரி என்று நடந்துகொண்டிருந்த ஒரு தொழிலுக்குள் குழாயும் பம்பும் கரியடுப்பும் நுழைந்த கதை இது. சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

அந்தக் காலத்து மலக்குழி எப்படி இருக்கும்?

ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்க நகரங்களில் கொல்லைப்புறத்தில் தோண்டி, செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டிய குழி. பல இடங்களில் அடியில் பூச்சு இருக்காது, நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். பக்கத்திலேயே கிணறும் இருக்கும். அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

பாரிஸில் குழி வீட்டுக்கு அடியிலேயே இருந்தது. ஐந்து ஆறு மாடிக் கட்டடத்தின் எல்லாக் கழிப்பறைகளும் ஒரே குழாய் வழியாக நிலவறைக்குக் கீழே உள்ள கல் அறையில் வந்து விழும். 1819 செப்டம்பர் 24இல் வந்த அரச ஆணை அந்த அறைக்கு இலக்கணமே வகுத்தது. நீர் கசியாத கட்டுமானம் வேண்டும். கூரை வளைவின் உச்சியில் குறைந்தது 2 மீட்டர் உயரம் வேண்டும். அள்ளுவதற்கான வாய் 1 மீட்டர் நீளம், 65 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது. வாயு வெளியேற ஒரு குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் கசியாத குழி என்றால் அதில் விழுந்தது எல்லாம் அதிலேயே கிடக்கும். நிலத்தடி நீரைக் காப்பாற்றிய ஆணை, அள்ளுகிறவர்களின் வேலையைப் பெருக்கிவிட்டது.

இயந்திரம் வருவதற்கு முன்பு எப்படி அள்ளினார்கள்?

மூடுகல்லைப் பெயர்த்துக் கொஞ்ச நேரம் காற்றாட விடுவார்கள். மேலே உள்ள நீரை வாளியால் மொண்டு எடுப்பார்கள். நீர் வற்றியதும் ஒருவர் ஏணி வைத்து இறங்கி மண்வெட்டியால் வெட்டி வாளியில் போடுவார். மேலே நிற்பவர் கயிற்றால் இழுத்துச் சின்னப் பீப்பாயில் கொட்டுவார். பாரிஸில் அந்தப் பீப்பாய்களை மூடி, விளிம்பைச் சுண்ணச்சாந்து வைத்து அடைத்து, வண்டியில் ஏற்றினார்கள். மாடிப்படி, நடை, முற்றம் எல்லாவற்றையும் கடந்துதான் வண்டிக்குப் போக வேண்டும். எனவே சிந்தாமல் ஒரு வீடும் தப்பவில்லை.

குழிக்குள் கிடப்பது ஒரே மாதிரிப் பொருள் இல்லை என்பது பாரிஸ் தொழிலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மேலே காய்ந்த ஏடு ‘குரூட்’. அதற்குக் கீழே பச்சை நிறத் திரவம் ‘வான்’. கழிப்பறைக் குழாய்க்கு நேர் கீழே கூம்பாகக் குவிந்து கெட்டிப்பட்டது ‘எர்ட்’. தரையிலும் சுவரிலும் காறையாக ஒட்டியிருப்பது ‘கிரட்டேன்’. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த இயந்திரங்கள் எதில் ஜெயித்தன, எதில் தோற்றன என்பது இதற்குள்தான் இருக்கிறது.

ஏன் இரவில் மட்டும்?

பகலில் செய்தால் தெருவே காலியாகிவிடும் என்பதால். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நகராட்சிச் சட்டங்கள் இரவு நேரத்தைக் கட்டாயமாக்கின. அள்ளுகிறவர் விளக்கு வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில், உதவிக்கு யாரும் விழித்திராத நேரத்தில் குழிக்குள் இறங்கினார். ஊர் மூக்கின் வசதிக்கு அவர் கொடுத்த விலை அது.

குழிக்குள் இருந்த ஆபத்து என்ன?

1700இல் வெளியான தொழில்நோய் நூலை எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினிக்கு அந்த நூலை எழுதும் எண்ணம் வந்ததே ஒரு மலக்குழி ஓரத்தில்தான். மோதெனா நகரில் அவர் வீட்டுக் குழியை அள்ளிக்கொண்டிருந்தவர் மூச்சு முட்ட அவசர அவசரமாக வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டார். இறங்கிப் பார்க்காதவருக்கு இது புரியாது, நேரம் ஆக ஆகக் கண் போய்விடும் என்றார் அந்தத் தொழிலாளி. கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. வேலை முடிந்ததும் இருட்டறைக்குள் அடைந்து, வெதுவெதுப்பான நீரால் கண்ணைக் கழுவிக்கொண்டு கிடப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். அவர்கள் பையில் இருக்கும் செம்பு, வெள்ளிக் காசுகள் கறுத்துப்போவதையும் ரமஸ்ஸினி குறித்துவைத்தார்.

அந்தக் கறுப்புதான் துப்பு. காசைக் கறுக்க வைப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கண்ணை எரிப்பதில் அதோடு அம்மோனியாவுக்கும் பங்கு உண்டு. பாரிஸ் தொழிலாளர்கள் கண் நோயை ‘மித்’ என்றும், ஆளைச் சாய்க்கும் வாயுவை ‘ப்ளோம்’, அதாவது ஈயம் என்றும் சொன்னார்கள். நெஞ்சில் ஈயக்கட்டி வைத்தது போல அழுத்துமாம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடின் குணம் கொஞ்சம் விசித்திரமானது. மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை வாடை வந்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. 700, 1000 பங்கு என்று போனால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் குழிக்குள் தங்கும். கெட்டிப்பட்ட கூம்பை மண்வெட்டியால் குத்தும்போது உள்ளே சிறைப்பட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். இறங்கும்போது நன்றாக இருந்தது, பாதி வேலையில் செத்துப்போனார் என்ற செய்திக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்துச் சோதிப்பார்கள். பிராணவாயு குறைந்திருந்தால் சுடர் அணையும், சரி. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடில் சுடர் நிம்மதியாக எரியும். இன்னும் அதிகமாக இருந்தால் வாயுவே தீப்பிடிக்கும். நம்பக்கூடாத சோதனை அது.

பாரிஸ் மருத்துவர் போல் புருவார்டெல் சொன்னதாக ஒரு வாக்கு உண்டு: நாறுவதெல்லாம் கொல்லாது, கொல்வதெல்லாம் நாறாது. இந்தத் தொழிலின் முழு வரலாற்றையும் அதற்குள் அடக்கிவிடலாம்.

இயந்திரத்துக்கு முன்பு நாற்றத்தை அடக்க என்ன செய்து பார்த்தார்கள்?

1770களில் பாரிஸில் ‘வாங்திலாத்தர்’ கம்பெனி என்று ஒன்று கிளம்பியது. குழி வாயை மரக்கூண்டால் மூடி, துருத்தியால் உள்ளே காற்றை அடித்து, வரும் வாயுவைக் கழிப்பறைக் குழாய் மேல் வைத்த அடுப்பு வழியாகக் கூரைக்கு அனுப்புவது அதன் முறை. 1778இல் லபோரி, காதே தெ வோ, பார்மாந்தியே ஆகிய மூவர் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். உருளைக்கிழங்கைப் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் சேர்த்த அதே பார்மாந்தியேதான்.

அப்புறம் 1782இல் ஜானேன் என்ற மருத்துவர், இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு, வினிகர் தெளித்தால் போதும் என்றார். ‘கிரனாத்’ என்ற பெயர் கொண்ட மாளிகையின் குழியில் சோதனை நடந்தது. மருத்துவச் சங்கத்து ஆட்களும் அகாதெமிக்காரர்களும் சுற்றி நின்றார்கள். வினிகர் தெளிக்கப்பட்டது. வாடை கொஞ்சம் மாறியது. வேலையில் இருந்த ஒரு தொழிலாளி குழிக்குள் விழுந்தார். வெளியே எடுத்தும் பிழைக்கவில்லை. அவருக்கு உதவப் போனவரும் மயங்கி விழுந்தார். அங்கே இருந்த மருத்துவர் ஆலே 1785இல் இதை நூலாகவே எழுதினார். வாடையை மறைப்பதும் நஞ்சை நீக்குவதும் வேறு வேறு என்று ஒரு உயிர் போய்த்தான் காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் எல்லோருக்கும் புரிந்ததாகச் சொல்ல முடியாது.

வேதியியல் கைகொடுத்தது 19ஆம் நூற்றாண்டில். பயன்பட்டவற்றில் முக்கியமானது நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கிடைக்கும் இரும்பு சல்ஃபேட். கரைத்துக் குழியில் ஊற்றிக் கலக்கினால் இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகப் படியும். சல்ஃபேட் அம்மோனியாவைக் கட்டிப்போடும். இரண்டு வாடையும் ஒரே மருந்தில் அடங்கும், உரத்தில் நைட்ரஜனும் வீணாகாது. விலையும் மலிவு. துத்தநாக சல்ஃபேட், சுண்ணாம்புக் குளோரைடு, கரித்தூள் எல்லாமும் புழங்கின. என்னைக் கேட்டால் பின்னால் வந்த எந்தப் பம்பையும்விடத் தொழிலாளிக்கு அதிக நன்மை செய்தது இந்த அன்னபேதிதான். நன்றாகக் கலக்கினால் மட்டும். ஒப்புக்கு மேலே ஊற்றிவிட்டுப் போனால் கூம்புக்குள் இருக்கும் வாயு அப்படியே இருக்கும்.

சரி, இயந்திரம் எப்படி வேலை செய்தது?

இரண்டு வகை உண்டு.

முதல் வகையில் பம்பே மலத்தை இழுக்கும். தெருவில் நிற்கும் வண்டியிலிருந்து தடித்த குழாய் வீட்டுக்குள் போய்க் குழியில் இறங்கும். கையால் அடிக்கும் பம்பு அதை உறிஞ்சி மூடிய பீப்பாய்க்குள் தள்ளும். பீப்பாய் நிறைய நிறைய உள்ளே இருந்த நாற்றக் காற்று வெளியேற வேண்டுமல்லவா? அது போகும் வழியில்தான் சூட்சுமம். தணல் நிறைந்த சின்னக் கரியடுப்பு ஒன்று வழியில் உட்கார்ந்திருக்கும். காற்று அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். போகும்போது வாயு எரிந்துவிடும். அமெரிக்காவில் 1870களில் பரவியது இந்த வகை. பால்டிமோரில் இதற்கென்று ஒரு கம்பெனியே இருந்தது. ‘நாற்றமில்லாத் தோண்டு கருவி’ என்ற பொருளில்தான் அதன் பெயர். காப்புரிமைக்காக நீதிமன்றம்வரை போய்ச் சண்டை போடும் அளவுக்கு அதில் பணம் இருந்தது.

இரண்டாம் வகையில் பம்பு மலத்தைத் தொடவே தொடாது. இரும்புப் பீப்பாயிலிருந்து காற்றை மட்டும் இழுத்து வெற்றிடம் உண்டாக்குவார்கள். பிறகு குழாயைத் திறந்தால் வெளிக்காற்றின் அழுத்தமே குழியில் இருப்பதைப் பீப்பாய்க்குள் தள்ளிவிடும். பாரிஸில் ரிஷே கம்பெனி இதைப் பெரிய அளவில் செய்தது. காற்றை இழுக்கக் குதிரை வண்டியில் நீராவி எஞ்சின் வரும். இழுத்த காற்றை எஞ்சினின் நெருப்புக்கே அனுப்பிவிடுவார்கள். அதாவது குழியின் நாற்றம் கொதிகலன் அடுப்பில் எரியும்.

முன்கூட்டியே வெற்றிடமாக்கிய பீப்பாயைக் கொண்டுவந்தால் போதாதா? நீராவி எஞ்சின் எதற்கு?

நல்ல கேள்வி. அப்படியும் யோசித்தவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் போதாது என்று தெரியும்.

முக்கால் பங்கு காற்றை எடுத்துவிட்ட பீப்பாய் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்குக் காற்று உள்ளே மிச்சம். குழியும் பீப்பாயும் ஒரே மட்டத்தில் இருந்தால், அந்தக் கால் பங்கு பழைய அழுத்தத்துக்கு நெருக்கப்படும்வரை திரவம் ஏறும்; பீப்பாய் முக்கால் நிறையும். ஆனால் குழி கீழே, வண்டி மேலே. 4 மீட்டர் உயரம் தூக்க வேண்டும் என்றால், காற்றழுத்தம் தாங்கும் நீர் உயரமான 10.3 மீட்டரில் 4 மீட்டர் தூக்குவதற்கே செலவாகிவிடும். மிச்ச அழுத்தத்தில் உள்ளிருக்கும் காற்று பீப்பாயின் 41 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பீப்பாய் 59 சதவீதம்தான் நிறையும். குழாயில் ஏற்படும் தடையைச் சேர்த்தால் இன்னும் குறையும். பாதிப் பீப்பாய்க்குக் குதிரை கட்டி இழுத்துக்கொண்டு போக எந்த முதலாளி சம்மதிப்பார்? அதனால் நிரம்பும் நேரத்திலும் காற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அந்த இடத்திலேயே பம்பு வேண்டும்.

இதில் இன்னொரு தொல்லை. பீப்பாய் நிரம்பி வழிந்தால் மலம் காற்றுப் பம்புக்குள் போய்விடும். அதைத் தடுக்கப் பீப்பாயில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்திருப்பார்கள். மட்டம் அதில் தெரிந்ததும் குழாயை அடைக்க வேண்டும். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். அவர் கவனம் தப்பினால் அன்றைக்கு ‘நாற்றமில்லாத’ என்ற அடைமொழிக்கு வேலை இல்லை.

இரண்டில் எது மேல்?

வெற்றிட வகைதான். குழிக்குள் கந்தல், வைக்கோல், உடைந்த கண்ணாடி, சாம்பல், எலும்பு என்று எல்லாம் கிடக்கும். வீட்டுக் குப்பையைக் குழியில் போடக்கூடாது என்று சட்டம் சொல்லும், யார் கேட்பார்கள்? இழுக்கும் பம்பில் இவை வால்வில் சிக்கிக்கொள்ளும். வால்வைக் கழற்றிக் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். வெற்றிட முறையில் குழாய் அடைபடலாமே தவிரப் பம்பு கெடாது. ஆனால் எஞ்சின், நிலக்கரி, அதை ஓட்டத் தெரிந்தவர் என்று முதலீடு அதிகம். சின்ன ஊர்க் குத்தகைதாரருக்குக் கைப்பம்பும் கரியடுப்பும்தான் கட்டுப்படியாகும்.

விளம்பரத்தில் சொன்னபடி நிஜமாகவே நாற்றம் இல்லையா?

பழைய முறையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். பட்டப்பகலில் வேலை செய்யலாம் என்பதே இந்தக் கம்பெனிகளின் முக்கிய விற்பனைச் சரக்கு. மூடுகல்லைப் பெயர்க்கும் கணமும், குழாயைக் கழற்றும்போது சொட்டுவதும், வேலை முடிந்து முற்றத்தைக் கழுவுவதும் யாராலும் நாற்றமில்லாமல் ஆக்க முடியாதவை. தணல் அணைந்துபோனால் அடுப்பு வெறும் புகைபோக்கி. அடுப்பு நன்றாக எரிந்தாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு எரிந்து கந்தக டைஆக்சைடாகத்தான் மாறும். அது இருமலைத் தரும் வாயு. ஆனால் தீக்குச்சி உரசிய வாடைக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைக்குக் கெட்ட வாடையே நோய்க்குக் காரணம் என்று படித்தவர்களும் நம்பினார்கள். எனவே வாடையை எரித்தால் காலராவையும் காய்ச்சலையும் எரித்தது போல. நோய்க்குக் காரணம் கிருமி என்ற கொள்கை வேரூன்றிய பிறகு அந்த நம்பிக்கை போனது. அடுப்பின் மதிப்பும் கொஞ்சம் குறைந்தது.

குழி முழுவதையும் இயந்திரம் காலி செய்துவிடுமா?

இல்லை. நான்கு அடுக்குகளை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். திரவத்தைக் குழாய் சுலபமாக எடுத்துவிடும். மேல் ஏட்டைக் கழியால் உடைத்துக் கலக்கினால் அதுவும் போகும். கூம்பைத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் கொஞ்சம் வரும். தரையோடு ஒட்டிய காறைக்கு எந்த வெற்றிடமும் ஒன்றும் செய்யாது. காற்றழுத்தத்தால் திரவத்தைத்தான் தள்ள முடியும், சுரண்டத் தெரியாது.

ஆகவே கடைசியில் ஒருவர் இறங்கினார். பாரிஸில் சட்டமே இறங்க வைத்தது: காலியான குழியில் விரிசலோ கசிவோ இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடலாம். பார்க்க வேண்டுமானால் சுவரும் தரையும் சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தமாக இருக்க வேண்டுமானால் யாராவது சுரண்ட வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி இறக்க வேண்டும் என்ற விதிகள் இருந்தன. அதைக் கண்காணிப்பவர் யார், அந்த நேரத்தில்?

இந்த இயந்திரங்களைப் பற்றி எனக்குள்ள முக்கியமான குறையும் இதுதான். வீட்டுக்காரரின் மூக்குக்காகச் செய்யப்பட்டவை அவை. அவர்தான் காசு கொடுத்தார், அவருக்கு வேண்டியது கிடைத்தது. தொழிலாளி குழிக்குள் இருக்கும் நேரம் குறைந்தது உண்மை, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்து மிகுந்த நேரம். அதற்கென்று யாரும் விளம்பரம் போடவில்லை.

அள்ளியதை எங்கே கொண்டுபோனார்கள்?

பாரிஸின் சரக்கு நெடுங்காலம் நகரின் வடகிழக்கில் இருந்த மோன்ஃபோகோன் குட்டைகளுக்குப் போனது. அங்கே திரவத்தை வடியவிட்டு, மிச்சத்தை ஆண்டுக்கணக்கில் காயவைத்துப் ‘பூத்ரெத்’ என்ற உரப்பொடியாக விற்றார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் பாரிஸே மூக்கைப் பிடிக்கும். பரான் துஷாத்தலே என்ற மருத்துவர் அந்த இடத்தையும் சாக்கடைகளையும் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1849இல் மோன்ஃபோகோனை மூடினார்கள். அதற்குப் பதில் லா வில்லெத்தில் ஒரு கிடங்கு. அங்கிருந்து நீராவிப் பம்புகள் சுமார் 10 கிலோமீட்டர் தூரம் குழாய் வழியாகப் போன்தி காட்டுக்குத் தள்ளின. கெட்டியானது கால்வாயில் படகில் போனது. மோன்ஃபோகோனை ஒட்டிய நிலம் 1867இல் புய்த் ஷோமோன் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன்தியில் திரவத்திலிருந்து அம்மோனியம் சல்ஃபேட்டும் எடுத்தார்கள். அதனால் வந்த வினையும் உண்டு. 1880 கோடையில் பாரிஸ் முழுக்க ஒரே நாற்றம். பழி புறநகரின் இந்த உர ஆலைகள் மேலும் விழுந்தது. விசாரிக்க அமைத்த குழுவில் கிருமி ஆராய்ச்சிக்குப் பேர்போன லூயி பாஸ்தரும் இருந்தார். குழியில் அடக்கிய நாற்றம் ஆலையில் கிளம்பியது, அவ்வளவுதான்.

பால்டிமோரில் கதை எளிது: படகில் ஏற்றிச் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள்.

லீர்னூர் முறை என்றால் என்ன?

வண்டியே வேண்டாம் என்ற யோசனை. டச்சுப் பொறியாளர் சார்லஸ் லீர்னூர், வெற்றிடத்தை வண்டியிலிருந்து நகரத்துக்கு அடியில் கொண்டுபோனார். மையத்தில் நீராவியால் ஓடும் காற்றுப் பம்பு. தெருவுக்கு அடியில் இரும்புத் தொட்டி. தொட்டியிலிருந்து வீட்டு வீட்டுக்குக் குழாய். வால்வைத் திறந்தால் ஒரு தெருவின் கழிவு மொத்தமும் தொட்டிக்கு வந்துவிடும். 1870களில் லெய்டன், ஆம்ஸ்டர்டாம், டோர்ட்ரெக்ட் நகரங்களின் சில பகுதிகளில் இது ஓடியது. தண்ணீர் அதிகம் சேராததால் உரமாக நல்ல விலை போகும் என்பது அவர் கணக்கு. ஆனால் மக்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள், கணக்கு பிசகியது.

இந்த வசதி எட்டாத ஆம்ஸ்டர்டாம்காரர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவண்டியில்தான் கொட்டினார்கள். அந்த வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘போல்டோட் வண்டி’. போல்டோட் என்பது அதே ஊரின் பிரபலமான வாசனைத் திரவியக் கம்பெனி!

லீர்னூர் தோற்றாலும் யோசனை தோற்கவில்லை. விமானக் கழிப்பறையில் பொத்தானை அழுத்தியதும் ‘புஸ்’ என்று கேட்கிறதே, அது வெற்றிடம்தான். வந்தே பாரத் ரயிலிலும் அதே தத்துவம்.

இவை ஏன் மறைந்தன?

குழாய்த் தண்ணீரால். பாரிஸுக்குத் தண்ணீர் கொண்டுவர 1865இல் துய் ஆற்று நீர்வழியும் 1874இல் வான் ஆற்று நீர்வழியும் வந்து சேர்ந்தன. வீட்டில் தண்ணீர் தாராளமானதும் மலக்குழி சீக்கிரம் நிரம்பியது. அள்ளும் கூலி கன அளவுக்கு என்பதால் வீட்டுக்காரர் வெறும் தண்ணீருக்குக் காசு கொடுத்தார். நீர்த்துப்போனதால் உர மதிப்பும் விழுந்தது. பெரு நாட்டிலிருந்து வந்த குவானோ என்ற கடற்பறவை எச்ச உரம் ஏற்கனவே போட்டிக்கு நின்றது. 1894 ஜூலை 10இல் வந்த சட்டம் வீட்டுக் கழிவை நேரடியாகச் சாக்கடையில் விடச் சொன்னது. அள்ளும் கம்பெனிகளும் வீட்டு உரிமையாளர்களும் நன்றாகவே எதிர்த்தார்கள், அதனால் மாற்றம் மெல்லத்தான் நடந்தது. பால்டிமோர் இன்னும் தாமதம்: 1904இல் நகரின் மையப்பகுதி தீயில் எரிந்த பிறகுதான் முறையான சாக்கடைப் பணியைத் தொடங்கியது.

நம் ஊர் கழிவுநீர் லாரி இதன் வாரிசா?

நேரடி வாரிசு. குதிரைக்குப் பதில் டீசல் எஞ்சின், மற்றபடி மூடிய தொட்டி, காற்றை இழுக்கும் பம்பு, தடித்த குழாய், மட்டம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அப்படியே. ஒரு பாகம் மட்டும் காணாமல் போய்விட்டது: கரியடுப்பு. லாரி வந்து போனால் தெருவுக்கே தெரிவது அதனால்தான்.

அடியில் படியும் கெட்டிச் சேறும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்க ஆளை இறக்குவதும், அவர் சாவதும், காப்பாற்றப் போனவரும் விழுவதும் 1782இல் பாரிஸில் நடந்தது போலவே தமிழ்நாட்டில் இன்றும் செய்தியாகிறது. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்குவதைக் குற்றமாக்கியது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023இல் உயர்த்தியது.

வீட்டு செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

லாரிக்காரர் ‘அடியில கொஞ்சம் இருக்கு சார், பையன் இறங்கி எடுத்துடுவான்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலேயிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சச் சொல்லுங்கள். கொஞ்சம் சேறு மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அதனால் டேங்க் கெட்டுவிடாது. பத்துப் பதினைந்து வருஷம் திறக்காமல் விட்டால்தான் அடிச்சேறு கல்லாக இறுகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் குழாயோடு வேலை முடிந்துவிடும். மூடியைத் திறந்ததும் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம், தீக்குச்சி கிழிக்கவே வேண்டாம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். எண் 101 அல்லது 112. முறையான லாரியை வரவழைக்கத் தமிழ்நாட்டில் 14420 என்ற உதவி எண் இருக்கிறது.